சைகோனுக்குக் கப்பலேறிய குழவிக்கல்

1

போன வாரக் கப்பலில், என் சொந்த ஊரான பாகூரிலிருந்து சைகோனில் இருக்கும் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து எழுத்துப் படித்தவர். மழை, நெல், ஏரிக்கரை உடைப்பு எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு செய்தி சேர்த்திருந்தார். கார்த்திகையில் நான் ஊருக்கு வந்து ஒரு குழவிக்கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கப்பலேறியதைப் பற்றிக் கடைத்தெருவில் இன்னும் பேச்சு அடங்கவில்லையாம். கல்லுக்குள் துளையிட்டுத் தங்கம் அடைத்துக் கொண்டுபோனேன் என்று ஒரு கட்சி. சைகோனில் முப்பது வருடம் இருந்ததில் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மறு கட்சி. 'நீ எந்தக் கட்சி என்று எனக்கு மட்டும் எழுது' என்று முடித்திருந்தார்.

அவருக்கு மட்டும் எழுதினால் போதாது என்று தோன்றியது. இந்தப் பத்திரிகை பாகூரிலும் வில்லியனூரிலும் படிக்கப்படுகிறது என்பதை அறிவேன். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதில் எனக்குப் பெருமை தருவது குறைவு.

2

எங்கள் வீட்டில் முன்பு இருந்த குழவியை உடைத்தவன் நான்.

என் மனைவி இறைவனடி சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நானும், இங்குள்ள அரசாங்கக் கச்சேரியில் எழுத்தராக இருக்கும் என் மகனும், மருமகள் செண்பகமும் இருக்கிறோம். செண்பகம் கிருமாம்பாக்கத்துப் பெண். இந்த ஊருக்கு வந்த ஐந்து வருடத்தில் இரண்டு குழந்தைகளைப் பெற்றாள். ஒன்று ஒன்பதாம் நாள் போயிற்று. மற்றொன்று நாற்பது நாள் இருந்தது. மூன்றாவதாகக் கருவுற்றபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

புரட்டாசியில், அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, ஒரு பிரதோஷத்தன்று வில்லியனூர்க் கோயில் மூர்த்தியின் படத்தைப் பூஜை அறையில் மாட்ட எண்ணினேன். சுத்தியலை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். சமையலறையில் குழவி கண்ணில் பட்டது. எங்கள் வீடுகளில் ஆண்கள் அம்மியின் அருகே அமர்வதில்லை. உயிரோடு இருக்கும் வரை என் மனைவியும் அதை என்னைத் தொட விட்டதில்லை. அதனால் அதன் கனமும் வழுவழுப்பும் என் கைக்குத் தெரியாது. பதிகம் ஒன்றை முணுமுணுத்தபடி குழவியைத் தூக்கி ஆணியை மூன்று முறை அடித்தேன். நான்காம் அடிக்கு ஓங்கியபோது அது கையிலிருந்து வழுக்கி, வாசற்படிக் கல்லில் விழுந்து, நடுவில் இரண்டாயிற்று.

சத்தம் கேட்டுச் செண்பகம் வந்தாள். குனிந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து, ஒரு பழைய வேட்டியில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அதை எடுத்துப் போன விதம், இறந்த குழந்தையை எடுத்துப் போவது போலிருந்தது.

நம் பக்கத்து வழக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டணத்தில் வளர்ந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். தொட்டிலிடும் நாளில் குழந்தையை நேராகத் தொட்டிலில் போட மாட்டோம். குழவிக்கு மஞ்சள் பூசி, பொட்டிட்டு, புதுத்துணி சுற்றி, முதலில் அதைக் கிடத்தி மூன்று முறை ஆட்டுவார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குழந்தையைக் கிடத்துவார்கள். கல்லைப் போல் நிலைத்திரு என்பது கருத்து. அப்படிப்பட்ட கல்லைத்தான், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் ஒருத்தியின் கண்ணெதிரில் நான் இரண்டாக்கினேன்.

மறுநாள் காலையில் என் மகனிடம் அவள் சொன்னது கூடத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"பரண்மேல கெடக்குற தொட்டிலக் கழட்டி யாருக்காச்சும் குடுத்துடுங்க."

"எதுக்கு? புள்ள பொறந்தா வேணாமா?"

"இந்தத் தடவ மடியிலயே வெச்சிக்கிறன். கீழ எறக்க மாட்டன்."

"இங்க இரும்புத் தொட்டில் விக்கிறான் செண்பகம். கயிறும் வேணாம், கல்லும் வேணாம். வெள்ளக்காரன் புள்ளைங்க எல்லாம் அதுலதான் வளருது."

அவள் பதில் சொல்லவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகனுக்கு அந்த மௌனம் பேச்சு முடிந்ததாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை.

3

அன்று தொடங்கியது என் தேடல்.

இங்கே இந்நாட்டவரான அன்னாமியர் கல் உரல் வைத்திருக்கிறார்கள், இடிப்பதற்கு. சோலோன் என்கிற சீனர் பேட்டையில் மருந்து அரைக்கும் சக்கரக்கல்லும், எள் அரைக்கும் திரிகையும் கண்டேன். அம்மிக்குழவி மட்டும் எங்கும் இல்லை. கையால் உருட்டிக் காட்டினேன். மாவு உருட்டும் கட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். என் பிரெஞ்சு நீதிமன்றத்தில் தீர்ப்புகளைப் படியெடுக்கப் போதுமானது. சமையலறைக்குள் அதற்கு வழி தெரியாது. ஏழு நாள் அலைந்த பிறகு ஒரு கல்தச்சரைக் கண்டேன். கைவேலை நேர்த்தியானவர். நான் தாளில் வரைந்து கொடுத்ததைப் போலவே, இரண்டு முனையும் கூம்பி நடு பருத்த குழவி ஒன்றைப் பளிச்சென்று செதுக்கித் தந்தார். வெற்றியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

செண்பகம் அதைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது போலிருந்தது.

"இங்க யாரு மாமா இத செய்யிறாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கல்லறைக்குக் கல் செதுக்குகிறவரம்மா. அவரிடம்தான் நல்ல கருங்கல் இருந்தது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நானே அதைத் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தேன். துணி துவைக்கும் இடத்தில் இன்றும் கிடக்கிறது. அது சிலுவைக்காகச் சீர்செய்த கல்லின் மிச்சம் என்பதைக் கடையிலேயே அறிந்திருந்தும், வேலையின் நேர்த்தியில் அதை மறந்துபோனேன். இப்படியும் ஒருவன் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தேன்.

அன்று மாலை அவளே என்னிடம் வந்தாள்.

"மாமா, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா புதுக்கல்லு எதுவும் வேணாம். எங்கியாச்சும் ஒரு புள்ளைக்கி முன்னால தொட்டில்ல படுத்த கல்லு, அந்தப் புள்ள நல்லா இருக்கணும், அப்பிடி ஒரு கல்லு கெடச்சா கொண்டாங்க. இல்லாட்டி வுட்டுருங்க. நான் மடியில வெச்சிக்கிறன்."

அவள் கேட்டது இவ்வளவுதான். பிரயாண அனுமதிக்காகக் கச்சேரிக்குப் போனேன். எதற்காக ஊருக்குப் போகிறீர் என்று கேட்டு ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்னார்கள். 'குடும்ப அவசரம்' என்று எழுதினேன். யாராவது நோய்ப்பட்டிருக்கிறார்களா என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி. இனி நோய்ப்படக் கூடாது என்பதற்காகப் போகிறேன் என்றேன். அவர் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டு என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முத்திரை வைத்தார்.

4

பாகூரில் என் தமக்கையின் வீட்டில் இறங்கியபோது ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. என்னைவிட எட்டு வயது மூத்தவர் அவர். அறுபது கடந்த என்னை ஊரில் ஒருமையில் அழைக்க எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே.

"இன்னாடா இது, சொல்லாம கொள்ளாம? கப்பல் கவுந்து நீந்தி வந்தியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"குழவியால ஆணி அடிச்சியா? ஒன் பொண்டாட்டி போய்ச் சேந்ததும் நல்லதுதான். இருந்திருந்தா அந்த ஆணிய ஒன் மண்டையிலயே அடிச்சிருப்பா."

அவருடைய வீட்டுக் குழவியைக் கேட்டேன். அது எங்கள் தாய்வீட்டுக் கல்; நானும் என் உடன்பிறந்தோரும் தொட்டிலில் அதற்குப் பின்னே கிடந்தவர்கள். அவர் தலையை அசைத்தார்.

"என் பேத்திக்கித் தை மாசம் தலப்பிரசவம். அவ தொட்டிலுக்கு நான் எங்கடா போவன்? ஒன் மருமவ புள்ளைக்காக என் பேத்தி புள்ளைய வுட்டுக் குடுக்கச் சொல்றியா?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கவும் நியாயமில்லை.

"புதுசா ஒண்ணு வாங்கு. கல்தச்சன்கிட்ட இருவது கெடக்குது. அத எங்கியாச்சும் தொட்டில் போடுற வூட்டுல குடுத்து, அவங்க புள்ளைக்கி முன்னால படுக்க வெச்சி எடுத்துக்கோ. ஒன் மருமவ கேட்டது அதான?"

ஒரே சொல்லில் வழி பிறந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். கல்லை அன்றே வாங்கிவிட்டேன். திரும்பும் கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் உறவினர் வீட்டில் நான்காம் நாள் தொட்டிலிடுகிறார்கள் என்று அறிந்து, கல்லோடு வண்டி கட்டிக்கொண்டு போனேன். பந்தியில் உட்காரவைத்து நன்றாக உபசரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே பெண்களிடையே குசுகுசுப்பு எழுந்தது. குழந்தையைப் பெற்ற பெண்ணின் தாயார் வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்:

"அண்ணா, தப்பா நெனக்காதீங்க. ரெண்டு புள்ள போன வூட்டுக்குப் போற கல்லு. அத எங்க புள்ளைக்கி முன்னால போட எங்களுக்கு மனசு வரல."

நான் எப்படித் தப்பாக நினைப்பேன்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன். கல்லைத் தூக்கி மீண்டும் வண்டியில் வைத்தேன். இன்னும் இரண்டு வீடுகளில் கேட்டேன். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். மற்றதில் அதுவும் இல்லை. செய்தி எனக்கு முன்னே போய்விட்டிருந்தது.

5

என் தமக்கை வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் கொண்டுவரும் அஞ்சலை என்பவள் மணப்பட்டுக் கடற்கரையைச் சேர்ந்தவள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, கூடத்தில் சாக்கின் மேல் கிடந்த கல்லையும், அதன் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்திருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சைகோன் அய்யா இன்னா, கல்லுக்குக் காவலா?"

என் தமக்கை கதையைச் சொன்னார். அஞ்சலை சிரிக்கவில்லை.

"எம் பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள பொறந்து பன்னண்டு நாளாச்சி. பதினாறாம் நாளு தொட்டில். கொண்டாங்க, நான் போட்டுத் தரன்."

நான் தயங்கினேன். எதனால் என்பதை மறைப்பதற்கில்லை. நாங்கள் மீனைக் கையால் தொடாத குடும்பம். ஐம்பது ஆண்டுகளாக, குளித்து நீறணிந்து பதிகம் ஓதாமல் நான் உணவு உண்டதில்லை. எல்லா உயிரிலும் ஒருவனே நிறைந்திருக்கிறான் என்று நாள்தோறும் இந்த வாய் பாடியிருக்கிறது. ஆனால் பாகூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மணப்பட்டுக் குப்பத்துக்குள் இந்தக் கால் ஒரு நாளும் போனதில்லை. இரண்டு சமுத்திரம் கடந்தவன் நான்.

அஞ்சலைக்கு என் முகம் புரிந்துவிட்டது.

"யோசிங்க, யோசிங்க. கல்லுதான் யோசிக்காது."

"உனக்குப் பயமில்லையா? அபிஷேகப்பாக்கத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்" என்று கேட்டேன்.

"அவங்க வயலுக்குப் போறவங்க. எங்க வூட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போறாங்க. தெனமும் வெடிஞ்சா பயம்தான் அய்யா. இதுல ஒரு கல்லுக்கு வேற பயந்தா நாங்க பொழைக்கிறது எப்பிடி?"

என் தமக்கை குறுக்கிட்டார். "டேய், போடா. அங்க ஒருத்தி வயித்துல புள்ளைய வெச்சிக்கினு வாசலப் பாத்துக்கினு இருக்கா. இங்க ஒக்காந்து மீனு வாசன பாக்குறியா?"

போனேன். அது பதினாறாம் நாள். மணலில் மாட்டுவண்டிச் சக்கரம் புதைந்ததால் கடைசித் தொலைவைக் கல்லைத் தோளில் சுமந்து நடந்தேன். வலைகள் உலர்ந்துகொண்டிருந்தன. அஞ்சலையின் மகள், பதினெட்டு வயது இருக்கும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு எழ முயன்றாள். உட்காரம்மா என்றேன். அஞ்சலை கல்லைக் கடல்நீரிலும் பிறகு கிணற்றுநீரிலும் கழுவி, மஞ்சள் பூசி, ஒரு சிவப்புத் துண்டைச் சுற்றி, புடவைத் தொட்டிலில் கிடத்தினாள். சூழ்ந்திருந்த பெண்கள் ஆட்டினார்கள். பிறகு அதை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பேரனைக் கிடத்தினாள். அவன் முகம் சிவக்க, காது கிழிய அழுதான்.

"கேட்டீங்களா? எங்கப்பன் தொண்ட. காத்துல கூவுனா கரையில கேக்கும்" என்றாள்.

காரியம் முடிந்தது என்று எழுந்தேன். அவள் விடவில்லை.

"இருங்க. அரைக்காத கல்ல அப்பிடியே வூட்ட வுட்டு அனுப்ப மாட்டோம். ஒரு வேள அரைச்சிட்டுத் தரன்."

தடுக்க வார்த்தை வருமுன் கல் என் மடியிலிருந்து போய்விட்டது. அவள் வீட்டு அம்மியில் மிளகாயும் தனியாவும் அரைபடும் சத்தம் கேட்டது. மேலும் ஏதோ அதில் சேர்ந்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் என்னிடம் திரும்பி வந்தபோது கழுவப்பட்டிருந்தது, வாசனை மட்டும் போகவில்லை.

"மீனக் கொழம்புல தான் போடுவோம் அய்யா, அம்மியில போட மாட்டோம். இதுல அரைச்சது மொளகா. மொளகா சைவம்தான?"

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவர்கள் கொடுத்த இளநீரைக் குடித்தேன்.

6

கல்லோடு கப்பலேறிய கதையைத்தான் கடைத்தெரு அறியும். சைகோன் சுங்கச் சாவடியில் நடந்ததை அறியாது. தங்கம் என்று பாகூரில் இப்போது பேசுவதை அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி அப்போதே நினைத்தார். அது கட்டடப் பொருளா, பழம்பொருளா, சமயச் சின்னமா என்று கேட்டார். பட்டியலில் எந்தக் கட்டத்திலும் அது அடங்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் துளையிட வேண்டும் என்றார்.

"முசே, துளையிட்டால் இது வெறும் கல். உங்களுக்கும் பயன்படாது, எனக்கும் பயன்படாது" என்றேன்.

இது எதற்குப் பயன்படும் என்று கேட்டார். மிளகாய் அரைக்கவும், குழந்தைக்கு முன்னே தொட்டிலில் படுக்கவும் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் உள்ளபடி சொன்னேன். அவர் குனிந்து முகர்ந்தார். இரண்டு முறை தும்மினார். பதிவேட்டில் 'சமையல் கருவி, உபயோகித்தது' என்று எழுதி என்னைப் போகச் சொன்னார்.

வீட்டில் செண்பகத்தின் முன்னே கல்லை வைத்தேன். வரும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னோடு வந்தது. பாகூர்ச் சொந்தக்காரர் வீட்டுக் கல் என்று சொன்னால் அவள் மனம் சஞ்சலமில்லாமல் ஏற்கும்; அவளும் மீன் தொடாத வீட்டுப் பெண். ஆனால் அவள் கேட்டது உண்மையான ஒரு கல்லை. அதன் கதையில் பாதி பொய்யானால் மீதியை அவள் எப்படி நம்புவாள்? மணப்பட்டு, அஞ்சலை, மிளகாய், அபிஷேகப்பாக்கத்தில் மறுத்தது, அம்மியில் வேறு ஏதோ சேர்ந்தது வரை எதையும் விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

"அந்தப் புள்ள எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள்.

"காது கிழிய அழுதானம்மா. நான் புறப்படும் அன்று காலையிலும் அக்கா ஆள் அனுப்பி விசாரித்தாள். நன்றாகப் பால் குடிக்கிறானாம்."

"கல்லப் போட்டப்பறம்தான அவனப் போட்டாங்க? நீங்க பாத்தீங்களா?"

"என் கண்ணால் பார்த்தேன். என் மடியில்தான் எடுத்துப் போட்டார்கள்."

"அப்ப சரி. அந்தக் கல்லறக் கல்லப் பத்திக் கேட்டப்பவே நீங்க பொய் சொல்லல." கல்லைத் தூக்கி மூக்கருகே பிடித்தாள். "இன்னா மொளகா போட்டா அந்த அம்மா! இங்க கெடைக்கிறதுல இந்தக் காரம் எங்க இருக்குது?"

பரண்மேல் இருந்த தொட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் மகன் கொடுத்துவிட்டதாகச் சொல்லி மறைத்து வைத்திருந்தான். இங்கே பிறந்தவன் என்று அவனை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன்.

7

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. பதினைந்து நாளும் செண்பகம் அவளை மடியை விட்டு இறக்கவில்லை. உண்ணும்போதும் இடக்கையில் குழந்தை. உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள்; யாராவது குழந்தையைக் கையில் வாங்க வந்தால் விழித்துக்கொள்வாள். அவள் முதுகு வளைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கிவிடு என்று சொல்லத் தகுதியுள்ளவன் நான் அல்லன்.

நேற்றுக் காலை பதினாறாம் நாள். இங்குள்ள நம்மவர் வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். மஞ்சள் பூசிய கல்லைச் செண்பகமே தொட்டிலில் கிடத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்டினாள். கல்லை எடுத்து ஓர் ஓரமாக வைத்தாள். பிறகு குழந்தையை இரு கையிலும் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். நான் இறைவனிடம் எதையும் கேட்கவில்லை. அவள் மெல்லக் குனிந்தாள். குழந்தை துணியில் தங்கியதும், முதலில் ஒரு கையை எடுத்தாள். வெகு நேரம் கழித்து மற்றதை எடுத்தாள்.

வந்தவர்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். என் மகன் கச்சேரிக்குப் போனான். நான் தொட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். செண்பகம் கல்லை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சற்று நேரத்தில் அம்மியில் கல் உருளும் ஓசை கேட்டது. குழந்தை சிணுங்கியது. நான் பதறிக் கயிற்றை இழுத்தேன்.

அரைப்பதை நிறுத்தாமலே உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"வுடுங்க மாமா. ஆட்டாதீங்க. அவ தானா தூங்குவா."